மூன்றாவது நாற்காலி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் ஓட்டை வாளியையும் துருப்பிடித்த ஆணியையும் தூக்கிக்கொண்டு ஓடாதவர் நம் பெற்றோர் தலைமுறையில் அரியர். கிழிந்த பட்டுப் புடவையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய அன்னையர் உண்டு. குடித்து முடித்த கோலி சோடாப் புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். செய்தித்தாள் எடைக்குப் போகும். எடைக்குப் போனது பொட்டலமாகத் திரும்பி வரும். இன்று அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்டிப் பேசுவதை, பெயர் சூட்டாமலே நடத்திக் காட்டிய மக்கள் நாம்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. என் தந்தையார் மிதிவண்டியின் பின்னால் இரண்டு சாக்குகளைக் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் பழைய தாளும் இரும்பும் வாங்கிக் காயலான் கடையில் போடுபவர். அவருடைய தராசுதான் என்னை இக்கல்லூரி வரை அனுப்பி வைத்தது. ஆகவே, அரசும் தொழிற்துறையும் கைகோத்து நாடு தழுவிய சுழற்சிப் பொருளாதாரத் திட்டம் வகுக்கின்றன என்ற செய்தியை நான் வெறும் பாடமாகப் படிக்கவில்லை. எங்கள் வீட்டுச் செய்தியாகவே படித்தேன். மகிழ்ச்சியும் வந்தது, கூடவே ஓர் அச்சமும் வந்தது. இரண்டையும் இங்கே வைக்கிறேன்.

சுழற்சி என்பது யாது?

மண்ணைத் தோண்டி எடுக்கிறோம், பொருளாக்குகிறோம், பயன்படுத்துகிறோம், எறிகிறோம். இது நேர்கோட்டு வழி. கோட்டின் ஒரு முனையில் சுரங்கம் வற்றுகிறது. மறுமுனையில் குப்பைமேடு வளர்கிறது. அந்த இரு முனைகளையும் இணைத்து வட்டமாக்குவதே சுழற்சி. பொருளை நெடுநாள் உழைக்கும்படி செய்வது, பழுது பார்ப்பது, மீண்டும் பயன்படுத்துவது, இவை எதுவும் இயலாதபோது உருக்கிப் புதியது வார்ப்பது என்பது அதன் படிமுறை.

இது நல்லது என்பதை யாரும் மறுக்கவில்லை. பின் ஏன் தானாக நடக்கவில்லை? பொருளியல் மாணவன் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. எறிவதற்கு ஆகும் செலவை எறிபவன் கொடுப்பதில்லை. ஆறும், ஆற்றங்கரை உழவனும், குப்பைமேட்டுக்கு அருகே குடியிருப்பவனும் கொடுக்கிறார்கள். விலைச்சீட்டில் அந்தச் செலவு ஏறாத வரையில் எந்த முதலாளியும் தானாக மனம் மாறமாட்டார். அரசு மட்டும் ஆணையிட்டாலோ, ஆணை தாளில் இருக்கும். ஆலை தன் வழியில் நடக்கும். எனவே இருவரும் சேர்ந்தே ஆகவேண்டும். எப்படிச் சேர்வது என்பதற்கு வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் கொங்குச் சீமையிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

கரும்புச் சக்கை தந்த பாடம்

புகழூருக்கு அருகே காகிதபுரத்தில் நிற்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையை நம்மில் பலர் பேருந்தில் போகும்போதே பார்த்திருப்போம். 1979-இல் தமிழக அரசு தோற்றுவித்த நிறுவனம் அது; 1984-இல் உற்பத்தி தொடங்கியது. காட்டை வெட்டாமல், கரும்பு பிழிந்த சக்கையிலிருந்து காகிதம் செய்வது அதன் நோக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சக்கை சர்க்கரை ஆலைக்குக் குப்பையன்று. கொதிகலனுக்கு அதுவே எரிபொருள். அதைச் சும்மா கொடு என்றால் எவர் கொடுப்பார்? எனவே சக்கைக்கு ஈடாக, சர்க்கரை ஆலைக்கு வேண்டிய நீராவிக்கும் மாற்று எரிபொருளுக்கும் காகித ஆலை வழி செய்தது. கொடுத்தவனும் நட்டப்படவில்லை, வாங்கியவனும் நட்டப்படவில்லை. பின்னாளில் சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவாயு எடுத்தார்கள். சுண்ணாம்புச் சேற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் கொண்டு சிமெண்டு செய்தார்கள். ஒன்றன் கழிவு மற்றொன்றன் மூலப்பொருள் ஆனது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து விற்பதற்கும் அரசே ஊக்கம் அளித்தது. உடனே சக்கைக்குப் போட்டி எழுந்தது. காகித ஆலை மீண்டும் மரக்கூழைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு துறை ஒரு பக்கம் இழுக்க, மறுதுறை மறுபக்கம் இழுத்தால் வட்டம் எப்படி உருளும்? துறைகள் தனித்தனியே நல்லது செய்தால் போதாது, ஒரே திட்டத்தின்கீழ் செய்ய வேண்டும் என்பது இந்தச் சக்கை தரும் பாடம்.

நொய்யல் தந்த பாடம்

மற்றொரு பாடம் கசப்பானது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. பயிர் காப்பதற்கென்று கட்டிய அணையின் மதகைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே மன்றாடிய கொடுமையை என்னென்பது! கிணறுகள் உப்பாயின, தென்னைகள் பட்டன. உழவர்கள் நீதிமன்றத்தின் படியேறினர். சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழலாகாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. காலக்கெடு கடந்தது, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளையே மூடச் சொன்னது நீதிமன்றம்.

பின்னலாடை நகரம் திகைத்து நின்றது. வேலையிழந்த குடும்பங்கள் ஊர் திரும்பின. அதன் பிறகுதான் அரசும் ஆலை அதிபர்களும் உண்மையாகவே ஒரு மேசையில் அமர்ந்தனர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. இன்று அந்நிலையங்களில் சாயநீரின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தூய்மையாகி மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. உப்பும் பிரிக்கப்பட்டுத் திரும்பப் பயன்படுகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகத் தேங்கி நிற்கிறது. ஆயினும் இயலாது என்று இருபது ஆண்டுகள் சொல்லப்பட்டது இயன்றது என்பதே உண்மை.

"இத்தகைய சட்டங்களால் தொழில் நசியாதா?" என்று வகுப்பில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சுத்திகரிப்புச் செலவால் திருப்பூரில் சாயமிடும் கூலி உயர்ந்தது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத வேறு ஊர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் சாய வேலை நகர்ந்தது என்று அதிபர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு மருந்து திருப்பூரின் சட்டத்தைத் தளர்த்துவது அன்று. அதே சட்டத்தை எல்லா ஊருக்கும் ஆக்குவதே. 'நாடு தழுவிய' திட்டம் வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். ஒழுங்காக நடப்பவன் போட்டியில் தோற்கும்படி ஒரு நாட்டின் சட்டம் இருக்கலாமா?

சட்டம் வந்தது, சான்றிதழும் வந்தது

நடுவணரசு சும்மா இருக்கவில்லை. 2021-இல் நிதி ஆயோக் 11 துறைகளுக்கென 11 குழுக்களை அமைத்தது. நகரக் குப்பை, பழைய உலோகம், மின்னணுக் கழிவு, பேட்டரி, டயர், ஆயுள் முடிந்த வண்டிகள், பயன்படுத்திய எண்ணெய், சூரியத்தகடு முதலியன அவற்றுள் அடங்கும். அமைச்சக அதிகாரிகள், வல்லுநர்கள், கல்வியாளர், தொழிற்துறைப் பிரதிநிதிகள் ஆகியோர் அக்குழுக்களில் இடம்பெற்றனர். 2022-இல் பிளாஸ்டிக் உறைகளுக்கும், டயருக்கும், பேட்டரிக்கும், மின்னணுக் கழிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிகள் அடுத்தடுத்து வந்தன. விற்றவன் தான் விற்ற அளவுக்கு ஈடான கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்க வேண்டும். செய்ததற்கு மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் பெறலாம். கருத்து அருமையானது.

ஆனால் சான்றிதழ் என்று ஒன்று விலைக்கு வந்துவிட்டால், பொருளைவிடத் தாள் மலிவாகக் கிடைக்கும் அல்லவா? 2023-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய தணிக்கையில், பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சிலர் இலட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தது வெளிப்பட்டது. கணினித் திரையில் குப்பை கரைந்தது. வாய்க்காலில் அப்படியே கிடந்தது! இருவர் மட்டுமே அமர்ந்து இருவருமே கணக்கெழுதினால் நேரும் விபத்து இது.

மூன்றாவது நாற்காலி

இங்குதான் என் அச்சத்தைச் சொல்ல வேண்டும். மேசையில் அரசுக்கு ஒரு நாற்காலி. தொழிற்துறைக்கு ஒரு நாற்காலி. இந்நாட்டில் குப்பையை உண்மையில் குனிந்து எடுப்பவனுக்கு நாற்காலி எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் குப்பை சேகரிக்கும் பணி ஓர் ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டது. அதன்பின் என் தந்தையார் பல்லாண்டு காலமாகச் சென்றுவந்த தெருக்களில், "இனி நீ எடுக்கக் கூடாது" என்று தடுக்கப்பட்டார். அவருக்கு அறிவிப்பும் இல்லை. மாற்று வேலையும் இல்லை. அட்டையும் தாளும் லாரியில் ஈரக் குப்பையோடு கலந்து போயின. நேற்றுவரை முழுமையாகச் சுழன்ற ஒரு சிறு சக்கரத்தை நிறுத்திவிட்டு, அங்கே சுழற்சித் திட்டம் தொடங்கிற்று!

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் பிஸ்கட் உறைகளையும் ஷாம்பூச் சீட்டுகளையும் தனியே ஒதுக்கி வைத்திருந்த தந்தையாரிடம் காரணம் கேட்டேன். "இதெ எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான் கண்ணு. எடைக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது" என்றார். பிளாஸ்டிக்கும் உலோகத்தாளும் பல அடுக்காக ஒட்டிய உறை அது; பிரிக்கும் செலவு பொருளின் விலையை விட மிகுதி. எது சுழலும், எது சுழலாது என்று ஒரு நொடியில் கூறும் அறிவு அவருடைய விரல்களில் இருக்கிறது. உறையை வடிவமைக்கும் நாளன்றே அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த உறை பிறந்தே இராது.

எங்கள் தொழில் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. மின்கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் நஞ்சுப் புகையைச் சுவாசிக்கிறார்கள். பழைய பேட்டரியை உடைப்பவன் ஈயத்தைக் கையால் அள்ளுகிறான். இதைத் தொடரவிடுங்கள் என்று எவரும் கேட்கலாகாது. ஆனால் திருத்துவது வேறு, துரத்துவது வேறு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே குப்பை சேகரிப்போரை அடையாளங்கண்டு அமைப்பில் இணைக்கும்படி கூறின. புனே நகரில் 2008-இல் சேகரிப்போர் கூட்டுறவாகத் திரண்டு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வீடுதோறும் சென்று சேகரிக்கும் உரிமை அவர்களுடையதாயிற்று. நெதர்லாந்து நாட்டில் 2017 ஜனவரியில் கையொப்பமான மூலப்பொருள் உடன்படிக்கையில் அரசும் முதலாளிகளும் மட்டுமல்லர், தொழிற்சங்கங்களும் இயற்கை காப்போரும் கையொப்பமிட்டனர். அந்நாடும் தன் இலக்கை நோக்கி வேண்டிய விரைவில் செல்லவில்லை என்று அதன் ஆய்வு நிறுவனமே பின்னர் ஒளிக்காமல் கூறியது. உண்மையை அப்படி வெளியிடும் துணிவும் நமக்கு வேண்டிய ஒன்றே.

வேண்டுவன நான்கு

ஒன்று: பிரிக்க முடியாத உறைக்கு மிகுந்த கட்டணமும், பிரிக்கத்தக்க உறைக்குக் குறைந்த கட்டணமும் விதிக்க வேண்டும். நல்லுரையை விட விலைச்சீட்டு விரைவில் பேசும்.

இரண்டு: சான்றிதழ் எடைமேடையிலிருந்து தொடங்க வேண்டும். சேகரிப்பவன் கையில் பணம் சேர்ந்த இரசீது இல்லாமல் எந்தச் சான்றிதழும் பிறக்கலாகாது.

மூன்று: திரும்பக் கொடுத்தால் காசு என்ற முறை விரிவடைய வேண்டும். 2022-இல் நீலகிரியில் அரசு மதுக்கடைகள் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் அதைத் திருப்பித் தந்தன. காட்டில் எறியப்பட்ட புட்டிகள் கடை தேடி வந்தன. நம் கோலி சோடாக் கடைக்காரரின் பழைய கணக்குத்தானே அது!

நான்கு: தேசியக் குழு முதல் நகராட்சிக் குழு வரை, சேகரிப்போரின் பிரதிநிதிக்கு நாற்காலி வேண்டும். ஒப்பந்தம் விடுமுன் அவர்களுடைய தெருவுரிமையை எழுத்தில் தர வேண்டும்.

நாமும் விலகி நிற்கலாமா, நண்பர்களே? விழாவுக்கு விழா நாம் கட்டும் ஃபிளெக்ஸ் பதாகை மறுநாள் எங்கே போகிறது? துணியில் எழுதினால் வாழ்த்து வாழ்த்தாகாதா? ஆண்டுதோறும் நாம் எழுதித் தள்ளும் தேர்வுத்தாள்கள் கொட்டடியில் கரையான் அரிக்கக் கிடப்பானேன்? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு நாள் நம் கல்லூரிக் குப்பையை எடைபோட்டுக் கணக்கெடுக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் பொருளியல் துறைக்கு அதைவிடச் சிறந்த களஆய்வு உண்டோ?

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவில் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நாற்காலியெல்லாம் எதுக்குக் கண்ணு? கேட்டைத் திறந்து விட்டாப் போதும்" என்றார். அவருக்கு அது போதும். இந்நாட்டுக்கு அது போதாது என்பதே என் துணிபு.