பூட்டிய கணினி, திறக்காத கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் வணிகம் செய்த நம் முன்னோரின் கணக்கு பேரேட்டில் இருந்தது. கடைக்குரியவர் மறைந்தால் மகன் பெட்டியைத் திறப்பார்; பேரேட்டைப் புரட்டுவார். யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அத்தாவின் கையெழுத்திலேயே இருக்கும். எழுத்து கிறுக்கலாக இருக்கலாம், பக்கம் கிழிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேரேடு யாரிடமும் கடவுச்சொல் கேட்டதில்லை.

இன்று அந்தக் கணக்கு முழுவதும் கணினிக்குள் போய்விட்டது. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் வணிகர்கள் திரை முன் அமர்ந்துதான் ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். குமுளி, வண்டன்மேடு பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் வேலையாட்களின் கூலி முன்பணத்தையும், சின்னமனூரில் திராட்சை வாங்குபவர் விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கியையும் எக்செல் தாளிலோ டேலியிலோ வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் கணினியே பார்த்திராத வீடுகளுக்கும் அதைக் கொண்டுவந்தது. அவ்வாறு வந்த பல கணினிகள் பிள்ளைகளின் படிப்பு முடிந்தபின் தந்தையின் கடைக்கு இடம்பெயர்ந்தன.

கணினியைப் பூட்டுவது தவறா என்று கேட்டால், தவறே அல்ல. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது என்று இறைமறை (24:27) கட்டளையிடுகிறது. துருவித் துருவி ஆராய்வதை அது (49:12) தடுக்கிறது. ஒருவருடைய கணினியும் ஏறக்குறைய அவருடைய அறைதான். தம்பியின் மடிக்கணினியை அண்ணன் திறந்து பார்ப்பதும், கணவனின் கடிதங்களை மனைவியோ மனைவியின் கடிதங்களைக் கணவனோ திருட்டுத்தனமாக மேய்வதும் 'ஒரே குடும்பம்தானே' என்ற சொல்லால் ஆகுமானதாகிவிடாது. பொதுமக்களின் பணத்தையும் பிறர் ஆவணங்களையும் கையாள்பவர் கணினியைத் திறந்து போட்டுவிட்டு லுஹர் தொழுகைக்குப் போவது அமானிதத்தில் அலட்சியம் என்றே சொல்வேன். எனவே பூட்டு வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பூட்டைப் பற்றி மட்டும் எண்ணிவிட்டுச் சாவியைப் பற்றி எண்ணாமல் விடுவதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்குள் கணினிப் பூட்டின் தன்மையே மாறிவிட்டது என்பதைப் பலர் உணரவில்லை. முன்பெல்லாம் விண்டோஸ் கடவுச்சொல் என்பது கதவில் போட்ட கொண்டிதான். மறந்துவிட்டால் தேனியிலோ உத்தமபாளையத்திலோ பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்வோம். கடைப் பையன் பென்டிரைவ் ஒன்றைச் செருகி அதன்வழி கணினியை இயக்கி, பழைய கடவுச்சொல்லை அழித்துக் கொடுத்துவிடுவான். அது முடியாவிட்டாலும் ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் கோப்புகள் எல்லாம் அப்படியே தெரியும். வீட்டின் முன்வாசல் பூட்டியிருந்தது. சுவரோ பாதிதான் எழுப்பப்பட்டிருந்தது.

இப்போது சுவர் முழுமையாக எழுப்பப்பட்டுவிட்டது. பிட்லாக்கர் என்று அழைக்கப்படும் மறையாக்கம் வட்டில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் குலைத்து வைக்கிறது. அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் பொருளற்ற குப்பைதான் கிடைக்கும். 2024 இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நுழைந்தால் இந்த மறையாக்கம் பெரும்பாலும் தானாகவே தொடங்கிவிடுகிறது. வாங்கியவருக்கு அது நடந்ததே தெரியாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய கணினியை மாற்றுகிற ஒவ்வொருவரும் இந்தப் புதிய பூட்டின் கீழ்தான் வந்து சேர்கிறார்கள்.

மதர்போர்டை மாற்றினாலும், சில வேளைகளில் பயாஸ் அமைப்பைத் தொட்டாலும், நீலத்திரை ஒன்று தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அன்றாடம் நாம் இடும் நான்கு இலக்கப் பின் எண்ணை அங்கே அது ஏற்காது. அந்தச் சாவி உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ அக்கணக்கில் நுழைந்து அதை எடுத்துக்கொள்ளலாம். திரையில் காட்டப்படும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டால் எந்தச் சாவி எந்தக் கணினிக்குரியது என்பதும் தெரிந்துவிடும். கணக்குக்குள் நுழைய முடிந்தால் இது பத்து நிமிட வேலை.

நுழைய முடியாமற்போவதில்தான் நம்மூரின் தனிச் சிக்கல் இருக்கிறது. கணினியை வாங்கியபோது கடைக்காரரே ஏதோ ஒரு மின்னஞ்சல் கணக்கை உருவாக்கிக் கொடுத்திருப்பார். அதன் பெயரே உரியவருக்கு நினைவிருக்காது. அல்லது கணக்கோடு இணைத்த கைபேசி எண் இப்போது அவருடையதாக இருக்காது. வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் இங்குள்ள எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சில மாதங்கள் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பின்னர் அதே எண் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. அதன் பிறகு கணக்கை மீட்க வரும் ஒருமுறைக் குறியீடு முகமறியாத யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்கிறது. விடுமுறையில் கம்பம் வந்திறங்கி மடிக்கணினியைத் திறக்கும்போதுதான் இது தெரியவருகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்கள் கையால் எழுதிய பயணச்சீட்டுக்கு இறங்கி வந்தன. சரிசெய்யும் வழி சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மறையாக்கம் செய்யப்பட்ட ஒவ்வொரு கணினிக்கும் அதற்குரிய மீட்புச் சாவியைத் தேடி எடுத்துக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. சில இடங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்திருந்த கணினியே முடங்கிக் கிடந்தது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இவையெல்லாம் உயிரோடிருப்பவர் படும் அலைச்சல்கள். உரியவர் மரணித்த பிறகு நிலை வேறு. அதற்கு நம் நாட்டு மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் என்னும் மின்நாணயப் பரிவர்த்தனை நிறுவனத்தை நடத்தி வந்த ஜெரால்ட் காட்டன், 2018 டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் மரணமடைந்தார். வயது 30. (மின்நாணயம் ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன்.) மறைவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அவர் உயில் எழுதியிருந்தார். தம் இரண்டு நாய்க்குட்டிகளின் பராமரிப்புக்குக்கூட அதில் பணம் ஒதுக்கியிருந்தார். வாடிக்கையாளரின் நிதியைத் திறக்கும் கடவுச்சொல் எங்கே என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. அவருடைய மடிக்கணினி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தமக்குத் தெரியாது என்று மனைவி நீதிமன்றத்தில் பிரமாணம் அளித்தார். பின்னர் ஒன்டாரியோ பங்குப் பரிவர்த்தனை ஆணையம் ஆராய்ந்து, 2020-இல் அது மோசடி என்று அறிவித்தது. 76,000-க்கும் மேற்பட்டோருக்கு 21.5 கோடி கனடிய டாலர் தரவேண்டியிருந்தது.

அவர் மோசடிக்காரர், நாம் அப்படியல்லர் என்று நகர்ந்துவிடலாம்தான். ஆயினும் முதல் சில வாரங்களில் கடன் கொடுத்தவர்களுக்கும் அவருடைய குடும்பத்துக்கும் எது கண்ணில் பட்டது? பூட்டிய மடிக்கணினி ஒன்று. நேர்மையாளரின் பூட்டிய கணினியும் மோசடிக்காரரின் பூட்டிய கணினியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாழ்நாள் முழுதும் ஒரு பைசாவுக்கும் கணக்கு வைத்திருந்தவர் மௌத்தான மறுநாள், அவர் மீது சந்தேகம் எழ அந்தப் பூட்டே போதுமானதாகிவிடும். சரக்குக்குப் பாக்கி வரவேண்டிய விவசாயி ஜனாஸா வீட்டு வாசலில் தயங்கி நிற்பார். கேட்டால் மரியாதையன்று, கேட்காவிட்டால் பிழைப்பில்லை. வாரிசுகளோ மறுக்கவும் முடியாமல் ஒப்புக்கொள்ளவும் முடியாமல் விழிப்பார்கள். அவர்களுக்கு வரவேண்டிய தொகையும் அதே பெட்டிக்குள்தான் கிடக்கும்.

கடன் விஷயத்தில் மார்க்கம் காட்டும் கண்டிப்பை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடன்பட்டு மரணித்த ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே நடத்தினார்கள். பிறகு கூடப் பாகப்பிரிவினையில் அடக்கச் செலவுக்கு அடுத்து கடன், அதன் பின் வஸிய்யத், அதன் பின்பே வாரிசுகளின் பங்கு என்பதுதான் வரிசை. மரண சாசனமாக எழுத வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி உண்டு. எழுதுவதன் நோக்கம் பிறர் படிக்க வேண்டும் என்பதுதானே? எழுதியதை உலகில் வேறெவராலும் திறக்க முடியாதபடி வைப்பது எழுதாமல் விட்டதற்கு எந்த வகையில் மேல் என்று எனக்கு விளங்கவில்லை.

சாவியை அடுத்தவர் கைக்கு மாற்றுவது நமக்குப் புதிய செய்தியும் அன்று. மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பித் தரப்பட்டது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் வசனத்தை (4:58) விரிவுரையாளர்கள் அந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்வார்கள். 2024 ஜூனில் அக்குடும்பத்தின் மூத்த காவலர் ஷைக் ஸாலிஹ் அஷ்ஷைபி மறைந்தபோது, அதே குடும்பத்தின் அடுத்தவர் கைக்குச் சாவி போயிற்று. பூட்டை உடைக்க வேண்டிய நிலை வரவில்லை.

'என் கணினியில் எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்க்க வேண்டியதில்லை. கடை, கடன், சொத்து, வக்ஃபு, ஜமாஅத் நிதி ஆகிய பிறர் உரிமை சார்ந்தவற்றுக்குத் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சொந்தக் கடிதங்களையும் படங்களையும் வேறு கணக்கில் பிரித்து வைக்கலாம். சாவி கைக்கு வந்த வாரிசுக்கும் கடமை உண்டு. இறந்தவரின் குறைகளை மறைப்பதே நம் மரபு. ஜனாஸாவைக் குளிப்பாட்டுபவர் கண்டதை வெளியே சொல்வதில்லையே. கணினியைத் திறப்பவருக்கும் அதே ஒழுக்கம் பொருந்தும். கடன் கணக்கை எடுக்கத் திறந்தவர் பழைய உரையாடல்களைக் கிளறக் கூடாது. மாறாக, எதையும் பிரிக்காமல், யாரிடமும் சொல்லாமல் போனால் என்ன நடக்கும்? கபனிடும் முன் இறந்தவரின் விரலைப் பிடித்து உணரியில் வைத்துப் பார்க்கலாமா என்ற எண்ணம் யாருக்கேனும் எழும். அந்த அவமதிப்புக்கு நம் உடலை நாமே ஆளாக்குவானேன்?

நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. கூகுளில் நீண்ட நாள் செயல்படாத கணக்கை இன்னாரிடம் ஒப்படைக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்க இடமுண்டு. ஆப்பிளிலும் 2021 முதல் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோ இரண்டாண்டுகள் நுழையாமல் கிடந்தால் மூடப்படக்கூடும். மூடப்பட்டால் அதில் இருந்த மீட்புச் சாவியும் போயிற்று. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நியமனதாரரைக் குறிக்கும் உரிமையைத் தருகிறது. அது நிறுவனங்களிடம் உள்ள தரவைப் பற்றியது; நம் மேசை மேல் இருக்கும் பெட்டியை அது திறந்துவிடாது.

ஆகவே செய்ய வேண்டியது பழைய வழியில்தான் இருக்கிறது. ஒரு தாளில், பேனாவால், தெளிவான எழுத்தில் நான்கு செய்திகள் போதும்: கணினியின் பின் எண், அதனோடு இணைந்த மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும், 48 இலக்க மீட்புச் சாவி, கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற குறிப்பு. கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாமா என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். திரையில் ஒட்டி வைத்தால்தான் ஆபத்து. மூடி முத்திரையிட்ட உறையில், பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. இணையத்தில் திருடுபவன் உத்தமபாளையம் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை. உறை எங்கே இருக்கிறது என்பதை மனைவியோ மூத்த மகனோ மகளோ அறிந்திருக்க வேண்டும். மகளை இங்கே வேண்டுமென்றே சொல்கிறேன். பல வீடுகளில் கணினியை முறையாகக் கற்றவள் அவள்தான், கேட்கப்படாதவளும் அவள்தான்.

கோப்பின் நகலை மாதம் ஒருமுறை வெளி ஹார்ட்டிஸ்கில் எடுத்து வைப்பதும் அவசியம். கடவுச்சொல் மறந்த கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்றால், 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்பதே முதல் விடையாக இருக்கும். கணினி திரும்பக் கிடைக்கும், அதிலிருந்த கணக்கு கிடைக்காது; நகல் கையில் இல்லாதவர் அதற்கு உடனே தலையசைக்க வேண்டாம். பள்ளிவாசல் அலுவலகக் கணினிக்கு இது இன்னும் பொருந்தும். செயலாளர் மாறும் நாளில் வரவு செலவுப் புத்தகமும் முத்திரையும் கைமாறுவதுபோல் அந்த உறையும் கையெழுத்தோடு கைமாற வேண்டும்.

கடவுச்சொற்களும் கைபேசி எண்களும் ஆண்டுக்குள் மாறிவிடும் என்பதால் தாளையும் புதுப்பிக்க வேண்டும். நம்மில் பலர் ரமலானில் ஸகாத் கணக்குப் பார்க்க எப்படியும் ஒரு நாள் உட்காருகிறோம். அன்றைக்கே உறையைப் பிரித்து, அதில் உள்ளபடி ஒருமுறை கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, மாறியதைத் திருத்தி, தேதியிட்டு மூடி வைக்கலாம்.