எல்பிஏ பொறுப்பு வேண்டாம் என்றால் எப்போது சொல்வது?

எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை எழுதி வையுங்கள் என்று நம் பெரியவர்களிடம் அடிக்கடி சொல்கிறோம். அதில் பொறுப்பாளராக இடம்பெற்ற மகனோ மகளோ பின்னாளில் “என்னால் முடியவில்லை” என்றால் என்ன ஆகும்? அந்தப் பேச்சை எடுக்கவே வீடுகளில் தயக்கம்.

காத்தோங்கில் தனியாக வசிக்கும் ஒரு தாயாரை நினைத்துக்கொள்வோம். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்கு நடந்தே போய் வருபவர். மெல்பர்னில் இருக்கும் மகனையும் இங்குள்ள மகளையும் பொறுப்பாளர்களாக நியமித்திருக்கிறார். சில ஆண்டுகளில் மகனுக்கே உடல்நலம் குன்றுகிறது. விலக நினைக்கிறார்.

விலக அவருக்கு உரிமை உண்டு. 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் அதற்கு இடம் தருகிறது. உரிய முறையில் தாயாருக்கும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்கும் அவர் தெரிவிக்க வேண்டும். தங்கையைத் தொலைபேசியில் அழைத்து “இனி நீயே பார்த்துக்கொள்ளம்மா” என்று சொல்வது விலகல் ஆகாது. சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வது அதைவிட மோசம். காகிதத்தில் பொறுப்பாளர் இருப்பார், கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

தங்கையின் நிலை, பத்திரத்தில் தாயார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்தது. இருவரும் சேர்ந்தும் தனித்தும் செயல்படலாம் என்று இருந்தால் தங்கை தொடரலாம். சேர்ந்தே செயல்பட வேண்டும் என்று இருந்து, மாற்றுப் பொறுப்பாளரும் இல்லையென்றால், அண்ணன் விலகியதும் தங்கையின் அதிகாரமும் போய்விடும். ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த தேர்வுதான் இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது.

தாயார் தெளிவாக இருக்கும்போது இது நடந்தால் பெரிய பாதிப்பில்லை. புதிய பத்திரம் எழுதிக்கொள்ளலாம். முதுமை மறதி நோய் முற்றியபின் அது முடியாது. மருத்துவரின் அறிக்கையோடு குடும்ப நீதிமன்றத்தை நாடி, பிரதிநிதியை நியமிக்கும்படி கேட்க வேண்டும். அதுவரை, தாயாரின் சேமிப்பிலிருந்தே தாதிமை இல்லக் கட்டணத்தைக் கட்ட மகளால் முடியாமல் போகலாம்.

எல்பிஏ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, வசதியான மூதாட்டி ஒருவரின் பொறுப்பாளராகியிருந்த சீனச் சுற்றுலா வழிகாட்டியின் வழக்கு. அந்தப் பத்திரம் 2014ல் ரத்தானது. 2016ல் சட்டமும் திருத்தப்பட்டது. பிள்ளைகளோ நெருங்கிய உறவோ இல்லாதவர்கள், கட்டணம் பெற்றுப் பணிபுரியும் தொழில்முறைப் பொறுப்பாளரை நியமிக்க வழிசெய்ததும் அந்தத் திருத்தமே. கெட்டவர் கையில் அதிகாரம் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். நல்ல பிள்ளை களைத்துப்போவதையோ நோயில் விழுவதையோ நாம் அந்த அளவுக்கு யோசிப்பதில்லை.

2022 நவம்பர் முதல் எல்பிஏ விண்ணப்பம் சிங்பாஸ்வழி இணையத்தில் நடக்கிறது. பொறுப்பாளராகக் குறிப்பிடப்பட்டவர் முதலில் இசைவு தர வேண்டும். முடியாது என்று சொல்ல அதுவே ஏற்ற நேரம். அம்மா மனம் நோவாரே என்று இசைவு தந்துவிட்டு, அவருக்கு நினைவு மங்கியபின் விலகுவது அவரைத்தான் அதிகம் நோகடிக்கும். ஏற்கெனவே எழுதி வைத்திருப்பவர்கள், மாற்றுப் பொறுப்பாளருக்கான இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே எடுத்துப் பார்க்கலாம்.