என் வீட்டைப் பள்ளமாக்கியது யார்?

சென்னை வேளச்சேரியில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். இன்றைக்கு ஒரு படி இறங்கி வர வேண்டும். வீடு கீழே போகவில்லை. தெருதான் மேலே வந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார், சில வருடம் கழித்து அதன்மேல் இன்னொன்று. “சுரண்டிட்டுப் போடுங்கப்பா, மழைத் தண்ணி பூரா வீட்டுக்குள்ள வந்துடும்” என்று சாலை போட வந்தவர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். “எஸ்டிமேட்ல அது இல்லம்மா” என்றார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் தாரின்மேல் தார்தான் விழுந்தது.

2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தை ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழை விட்ட பிறகும் எங்கள் கூடத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. வெளியேற வழியே இல்லையே, வீட்டைவிடத் தெரு உயரம்! வெறும் மழைத் தண்ணீரா அது? குளியலறைக் குழாய் வழியே சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்தது. சாமி அறையிலும் அதே தண்ணீர்.

தண்ணீர் வடிந்துவிட்டது, நிலைமை சீரானது என்று செய்தியில் வாசிக்கிறார்களே, வயிறு எரிகிறது. வடிந்த அன்றுதான் எங்கள் பாடு ஆரம்பம். எலக்ட்ரீஷியன் வந்து கீழே உள்ள ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸையும் கழற்றிக் காயவைத்துப் பார்க்காமல் மெயினைப் போட முடியாது; ஊர் முழுக்க அழைக்கும்போது அவர் எப்போது வருவார்? சம்ப்பை இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்க முடியாது. பஞ்சு மெத்தை பிணமாய்க் கனத்தது. பிளைவுட் பீரோ உப்பி, கதவு மூடவே இல்லை. உள்ளே பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகள், என் கல்யாண ஆல்பம். ஒன்றோடொன்று ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன.

சுவர் இன்னும் கொடுமை. தண்ணீர் முழங்கால் அளவு நின்றாலும் செங்கல் அதை உறிஞ்சி இடுப்புக்கு மேலே ஏற்றிவிடும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக விழும். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காயவிட்டு, அப்புறம்தான் பூச வேண்டும். அத்தனை மாதமும் அந்தப் பூஞ்சண நெடியில்தான் ஆஸ்துமாக்கார மாமியாரைப் படுக்கவைத்தேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வீட்டுக் கடனோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிய இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டும்தானாம், உள்ளே இருந்த சாமானுக்கு இல்லையாம். கட்டடத்துக்காவது கிடைக்குமா என்றால், சர்வேயர் பழைய பில் கேட்கிறார். பில் இருந்த பீரோதானே ஐயா மூழ்கியது! சுவரில் இருப்பது பழைய ஈரம் என்று எழுதிக்கொண்டு போனார். அரசு கொடுத்த 6,000 ரூபாயை வாங்கிக்கொண்டோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், மெத்தை, சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான்.

இதைவிட நெஞ்சைக் கிழிப்பது ஊர் பேசும் பேச்சு. “ஏரியில வீடு வாங்கினா தண்ணி வராம என்ன செய்யும்?” முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பட்டா இருந்தது. பிளான் அப்ரூவல் இருந்தது. முத்திரைத்தாளுக்குப் பணம் வாங்கி, சீல் குத்தி, பதிவு செய்து கொடுத்தார்கள். அரையாண்டு தவறாமல் வீட்டு வரி வாங்குகிறார்கள். அப்போதெல்லாம் தெரியாத ஏரி, நாங்கள் மூழ்கும்போது மட்டும் எப்படித் தெரிகிறது? எங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே நிலத்துக்குள்தான் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது. அந்த நிலத்தைச் சுற்றித்தான் கட்டடங்கள் நெருக்கி எழுந்தன. அவற்றுக்கு நானா அனுமதி கொடுத்தேன்?

இப்போது எங்களுக்குச் சொல்லப்படும் வழி, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. அக்கம்பக்கத்தில் சிலர் கடன் வாங்கித் தூக்கியும்விட்டார்கள். தெருவை உயர்த்தியது ஒருவர், வீட்டைத் தூக்கும் கடன் எங்கள் தலையிலா? நாளைக்கு இன்னொரு தார் போட்டால் மறுபடியும் தூக்குவதா? மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் மக்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். வீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

எங்களுக்கு இனி நிவாரணம் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஏறிய தாரையெல்லாம் சுரண்டியெடுத்து எங்கள் தெருவைப் பழைய மட்டத்துக்கு இறக்குங்கள். அதைச் செய்யாமல் சாலை போட்டதாகப் பில் எழுதும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.