பங்காளிக் காய்ச்சல்



நம் பக்கத்தில் "பங்காளிக் காய்ச்சல்" என்றொரு சொல் வழக்கில் உண்டு. எங்கோ தொலைவில் ஒருவன் மாடி வீடு கட்டினால் நமக்கு உறக்கம் கெடுவதில்லை. அடுத்த வீட்டுப் பங்காளி தன் திண்ணைக்குச் சிமெண்டு பூசினாலே போதும். அன்றிரவே உடம்பு கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. எந்த வைத்தியரும் மருந்து கண்டறியாத இந்தக் காய்ச்சலுக்கு விளையாட்டு உலகில் வேறொரு பெயர் வழங்குகிறது. ஒரே ஊரைச் சேர்ந்த, அல்லது அண்டை ஊர்களைச் சேர்ந்த இரு கழகங்கள் மோதும் ஆட்டத்தை 'டெர்பி' என்பர்.

இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் டெர்பிஷையர் பகுதியிலுள்ள ஆஷ்போர்ன் என்னும் சிற்றூரைச் சுட்டுகிறது. அங்கே சாம்பல் புதனன்றும், அதற்கு முந்திய செவ்வாயன்றும் ஊரே இரண்டாகப் பிரிந்து பந்து விளையாடும். ஓடைக்கு வடகரையில் பிறந்தவர் ஓர் அணி. தென்கரையில் பிறந்தவர் மற்றோர் அணி. இவ்வழக்கம் இன்றும் நின்றுவிடவில்லை. ஓர் ஓடை போதுமாயிருக்கிறது, ஓர் ஊரை இரண்டாக்க!

நம் நாட்டில் இக்காய்ச்சலின் தலைநகரம் கொல்கத்தா. மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷையர் படைப்பிரிவின் அணியை அது 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, நாடே நிமிர்ந்து நின்றது. ஆங்கிலேயரின் அணியை வென்று அக்கேடயத்தைப் பெற்ற முதல் இந்திய அணி அதுவே. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்து ஆடிய ஒரே வீரரான சுதீர் சட்டர்ஜி ஒரு கிறிஸ்தவர். பிற்காலத்தில் சபைப் போதகராகவும் விளங்கியவர்.

1920-இல் ஓர் ஆட்டத்தில், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு வீரரை ஜோராபகான் கழகம் களமிறக்காமல் ஒதுக்கியது. அதனால் மனம் புண்பட்ட அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, சில நண்பர்களுடன் 'ஈஸ்ட் பெங்கால்' கழகத்தைத் தொடங்கினார். மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடிகளை 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்களை 'பாங்கால்' என்றும் அழைப்பது அங்கே வழக்கம். 1925 மே 28 அன்று இவ்விரு கழகங்களும் லீக் போட்டியில் முதன்முறையாக மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. 1947-இல் நாடு துண்டாடப்பட்டு இலட்சக்கணக்கானோர் வீடும் நிலமும் இழந்து அகதிகளாக வந்து சேர்ந்தபோது இப்போட்டியின் பொருளே மாறிற்று. விட்டுவந்த வயலையும் குளத்தையும் மீட்க முடியாத ஒருவனுக்கு, சனிக்கிழமை மாலை ஒரு கோலாவது மீட்டுத் தரும் கழகம் கிடைத்தது. அவன் உள்ளம் அதனை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன?

பின்னர் மீனும் கட்சி சேர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வீடுகளில் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் இறால். இரு தரப்பாரும் பேசுவது வங்காளமே. உண்பது சோறும் மீன் குழம்புமே. மீனின் வகையைக் கொண்டாவது வேறுபாட்டை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையை நாம் கவனிக்க வேண்டும். வங்காளியரை வெள்ளையருக்கு முன் தலைநிமிரச் செய்த 1911-ஆம் ஆண்டு மோகன் பகான் அணியில், கிழக்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் பலர் இருந்தனர். கிழக்கு வங்கத்து மண்ணின் மானத்தைக் காக்கப் பிறந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 1949 முதல் 1953 வரை பொற்காலத்தைத் தேடித் தந்தவர்களோ 'பஞ்ச பாண்டவர்' எனப் போற்றப்பட்ட ஐந்து முன்னணி வீரர்கள்: அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ். ஐவரும் நம் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்கள்! மண்ணின் பெயரால் மார்தட்டுவோர் எந்த மண்ணிலிருந்து வந்த கால் கோலடித்தது என்று பார்ப்பதில்லை.

மீனோடும் கேலியோடும் நின்றிருந்தால் இதனை நான் இங்கே எழுத வேண்டியிருந்திராது. 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் 5-0 எனத் தோற்றது. அத்தோல்வியைத் தாங்காத ஆதரவாளர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு கழகங்களும் ஆடிக்கொண்டிருந்தபோது, களத்தில் எழுந்த கைகலப்பு பார்வையாளரிடையே பரவியது. கல்வீச்சிலும் நெரிசலிலும் சிக்கி 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாயிடம் சொல்லிச் சென்ற பிள்ளைகள் அவர்கள். ஆண்டுதோறும் அந்நாளில் கொல்கத்தாவில் அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கூட்டம் குறைந்ததா என்றால், இல்லை. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தைக் காண 1,30,000 பேருக்கு மேல் திரண்டனர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

இது வங்காளத்தார் கதை, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாதபடி, நம் திருச்சபையின் வாசற்படியிலேயே தொடங்கிய ஒரு டெர்பியும் உண்டு. ஸ்காத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர் வறுமையில் வாடினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவேனும் கிடைக்க வேண்டும் என்று எண்ணிய வால்பிரிட் என்னும் மரிஸ்த் சபைச் சகோதரர், 1887-இல் தூய மரியா ஆலயத்தின் பங்கு மன்றத்தில் கூட்டம் கூட்டி 'செல்டிக்' கழகத்தை நிறுவினார். 1888 மே 28 அன்று அதன் முதல் ஆட்டம். எதிரணி, அதே நகரின் ரேஞ்சர்ஸ். செல்டிக் 5-2 என வென்றது. அன்று மாலை இரு அணியினரும் பங்கு மன்றத்தில் ஒன்றாக அமர்ந்து உணவருந்தினர். பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகத்தின் முதல் நாள் பொதுப் பந்தியில்தான் முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பந்தி நீடிக்கவில்லை. ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தரின் கழகம், செல்டிக் கத்தோலிக்கரின் கழகம் என்ற கோடு நாளடைவில் ஆழமாயிற்று. அயர்லாந்தின் அரசியல் சண்டை முழுவதும் மைதானத்துக்குள் வந்து அமர்ந்தது. பெயர் பெற்ற கத்தோலிக்க வீரர் ஒருவரை ரேஞ்சர்ஸ் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ள 1989-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு மோ ஜான்ஸ்டன் சேர்ந்தபோது, சினமுற்ற சில ஆதரவாளர் தம் கழகத்துக் கழுத்துத் துணிகளையே எரித்தனர். 1995-இல், செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய 16 வயது மாணவன் ஒருவன் தெருவில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். பசித்தோருக்குச் சோறிடத் தொடங்கிய பணி எங்கே வந்து நின்றது, பார்த்தீர்களா? இதில் ஒரு பக்கத்தாரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது. வெறுப்புப் பாட்டு இரு பக்கத்திலும் பாடப்பட்டது. செபமாலை அணிந்த கழுத்துகளிலிருந்தும் அது எழுந்தது.

ஆயினும் அக்கழகத்தின் தலைசிறந்த வெற்றி எவரால் வந்தது? 1967-இல் ஐரோப்பியக் கோப்பையைச் செல்டிக் வென்றபோது அதன் பயிற்சியாளராயிருந்த ஜாக் ஸ்டீன் ஒரு புரட்டஸ்தாந்தர். வங்காளத்துப் பஞ்ச பாண்டவர் கதை அங்கேயும்தான்.

இனி, இத்தகைய ஆட்டங்கள் ஏன் இவ்வளவு உக்கிரமடைகின்றன என்று சற்று ஆராய்வோம்.

முதற் காரணம் அண்மை. தொலைதூர அணியிடம் தோற்றால் மறுநாள் எவரும் நம்மைக் கேலி செய்யப்போவதில்லை. அண்டை அணியிடம் தோற்றால், திங்கட்கிழமை காலை அதே தேநீர்க் கடையில் அவனுடைய முகத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, ஒற்றுமை. இருவரும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், "நான் அவனில்லை" என்று உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது, பழைய காயம். பஞ்சமோ, பிரிவினையோ, அவமதிப்போ, ஆறாத புண் ஒன்று பந்தின் பின்னால் ஓடுகிறது. நான்காவது, பரம்பரை. தந்தை தன் கழகத்தின் மீதுள்ள அன்பை மட்டுமன்றி, மறுகழகத்தின் மீதுள்ள கசப்பையும் சேர்த்தே மகனுக்கு எழுதி வைக்கிறான். ஐந்தாவது, ஆதாயம். கிளாஸ்கோவின் இவ்விரு கழகங்களுக்கும் 'பழைய கம்பெனி' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒருவர் மீதான பகை மற்றவருக்கு நுழைவுச் சீட்டு வருவாயாகிறது என்பதைக் குத்திக்காட்டவே பத்திரிகைகள் அப்பெயரைப் பரப்பின என்பர். பகை நீடிப்பதால் எவருக்குப் பணம் வருகிறது என்று கேட்டுப் பார்ப்பது எப்போதும் நல்லது.

விவிலியம் அறிந்த குடும்பங்களுக்கு இது புதிதன்று. நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று ஐயுற்ற நத்தனியேல் எந்த ஊரார்? பக்கத்துக் கானாவூரார். அண்டை ஊர்க்காரரின் இளக்காரம்தான் அது. நம் ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய கபடற்ற உள்ளத்தைப் பாராட்டி அழைத்துக்கொண்டார். எனவே ஊர்ப் பெருமையும் கேலியும் தம்மளவில் பாவம் என நான் சொல்ல மாட்டேன். எதிரணி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. பங்காளி வலுவாக இருப்பதால்தான் நாமும் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்கிறோம்.

போட்டி பகையாகாமல் நிற்கவும் கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து திரும்புகையில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் மாண்டனர். அதே மாதத்தில் ரேஞ்சர்ஸ் வீரரும் செல்டிக் வீரரும் ஒரே அணியாகச் சேர்ந்து, இறந்தோர் குடும்பங்களின் நிதிக்காக ஆடினர். 81,000-க்கு மேற்பட்டோர் வந்து பார்த்தனர். கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டு மாதம் ஓர் இளம் பெண் மருத்துவர் பணியிடத்திலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி டெர்பி ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 18 அன்று இரு கழகங்களின் ஆதரவாளரும் மைதானத்துக்கு வெளியே கூடி, கொடிகளைக் கலந்து பிடித்து, அப்பெண்ணுக்கு நீதி கேட்டனர். நூறாண்டுப் பங்காளிகள் ஒரு சகோதரிக்காக ஒரே குரலில் கூவியதை நாடு கண்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரே திருச்சி மாவட்டத்தின் பிள்ளைகளாக இருந்த பெரம்பலூரும் அரியலூரும் 1995-இல் சேர்ந்தே தனிக்குடித்தனம் வந்தன. 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் அவர்களுக்குப் பெருமை. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலையும் இவர்களுக்குப் பெருமை. இத்தனை பாகப்பிரிவினைக்குப் பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. இந்த அளவுக் காய்ச்சலால் எவருக்கும் தீங்கில்லை.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. நம் சிற்றூர்களில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கபடி, கைப்பந்து, கிரிக்கெட் போட்டிகள் நடத்துகிறோம். நல்ல காரியம். ஆனால் அணி எப்படிப் பிரிகிறது? ஊருக்கு ஊரா, தெருவுக்குத் தெருவா? தெரு என்றால் சாதி என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பனியனின் நிறமே எவருடைய பிள்ளை என்று அறிவிக்குமானால், அங்கே நடப்பது விளையாட்டன்று. பழைய சண்டைக்குப் பந்து ஒரு சாக்கு. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்த இரு பிள்ளைகள், ஒரு நடுவரின் தீர்ப்புக்காகக் கல்லெடுத்துக்கொள்ளும் நிலை வந்தால், கிளாஸ்கோவுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை.

ஆகையால் பெற்றோரே, விளையாடிவிட்டு வரும் மகனிடம் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேளுங்கள், "அந்தப் பயல்களிடமா தோற்றாய்?" என்று கேளாதீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் பரம்பரைச் சொத்து கைமாறுகிறது. போட்டி நடத்தும் இளைஞரே, அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இரு தெருப் பிள்ளைகளும் ஒரே நிறப் பனியனை அணியட்டும். பங்குப் பேரவையினரே, பரிசுக் கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அரிசிக்கும் பருப்புக்கும் ஒதுக்குங்கள். ஆட்டம் முடிந்ததும் வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் மாற்றி மாற்றி இலை போட்டு ஒரே பந்தியில் அமர்த்துங்கள். சகோதரர் வால்பிரிட் கழகம் தொடங்கியது பிள்ளைகள் பசியாற உண்பதற்காகத்தான். அந்த முதல் நாள் மாலையை வரும் திருவிழாவில் நம் பங்கிலும் நடத்திக் காட்டுவோம்.