எஞ்சின் மாத்தித் தாறம் எண்டு சொல்லிக் கார் விக்காதேங்கோ

யாழ்ப்பாணத்தில அத்தான் தன்ர தகப்பன்ர மொறிஸ் மைனரை விக்கப்போறார். 1965ஆம் ஆண்டுக் கார், 1098 சிசி. இதால குடும்பத்துக்குள்ள பெரிய பட்டிமன்றம். "ரொயோட்டா 2C டீசல் எஞ்சின் போட்டுத் தாறம் எண்டு சொல்லு, கூட விலை கேக்கலாம்" எண்டு கனடாவில இருக்கிறவை சொல்லுகினம். "எஞ்சினில கை வச்சால் அது மொறிஸே இல்லை" எண்டு லண்டன்காரர். ரெண்டு பகுதியும் அந்தக் காரைத் தொட்டு இருபது வருசமாச்சு.

விக்கிறவர் எஞ்சின் மாத்திக் குடுக்கக்கூடாது எண்டதுதான் என்ர கட்சியும். ஆனால் லண்டன்காரரின்ர காரணத்துக்காக இல்லை.

"ஒறிஜினல், ஒறிஜினல்" எண்டு குதிக்கிறவையிட்ட ஒண்டு கேக்கிறன். 1990இல பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபிறகு யாழ்ப்பாணத்தில எந்தக் கார் ஒறிஜினலா ஓடினது? காபரேற்றருக்கு ரெண்டு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடினதுகள். குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுக்குத்தான் அந்த ரெண்டு துளி. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலையும் கெடுக்கும். எஞ்சின் கெதியாத் தேயும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் ஓட்டினவை. பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏத்த வேற வழி இருந்ததே? அந்தச் சனத்திட்ட வந்து தூய்மை கதைக்காதேங்கோ.

இனிக் கனடாப் பகுதி. எஞ்சின் எண்டது தனிச் சாமானில்லை. மொறிஸின்ர 1098 எஞ்சினுக்கு 48 குதிரைவலு. நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். அந்தப் பிறேக்கும் ஸ்பிறிங்கும் அந்தப் பாரத்துக்கும் வேகத்துக்கும் அளந்து செய்தது. 2C கிட்டத்தட்ட 2000 சிசி, பாரமான இரும்பு. அதை வச்சால் கியர்பொக்ஸ், மவுண்டிங், றேடியேற்றர், பிறேக் எல்லாம் மாத்தவேணும். இங்க சோஹாரில எங்கட சாப்பாட்டுக்கடைக்குச் சனாயாவில இருக்கிற கராஜ்காரர் வருவினம். மணல்மேட்டில ஏற நிசான் பற்றோலுக்குப் பெரிய எஞ்சின் போடுறவை. அவையிட்டக் கேட்டுப் பாருங்கோ, எஞ்சினை விடச் சுத்தியுள்ள வேலைதான் கூட எண்டுவினம். விக்கிறவன் அவ்வளவும் செய்வானே? எஞ்சினை மட்டும் இறக்கி, பெயின்ற் அடிச்சு, காசை வாங்கிப்போட்டுப் போவான். பிறேக் பிடிக்காத அண்டைக்கு உள்ளுக்கு இருக்கிறது வாங்கினவன்ர பிள்ளையள்.

கடதாசி இன்னொரு தலையிடி. பதிவுப் புத்தகத்தில எஞ்சின் இலக்கம் இருக்கு. மாத்தினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில திருத்தவேணும். திருத்தாமல் கைமாத்தினால் வாங்கினவன்தான் அலையவேணும்.

"பழசுக்குச் சாமான் கிடைக்காது" எண்டுறதும் முழு உண்மையில்லை. 1990களில இங்கிலாந்தின்ர பாத் நகரத்து மொறிஸ் மைனர் கடைக்கே இலங்கையில இருந்துதான் உதிரிப்பாகம் செய்து அனுப்பினவை.

2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழைய காருகளின்ர விலை ஏறினது. 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தாச்சு. புதுக் கார் வேண்டுறவன் புதுக் காரை வேண்டட்டும். பழசைத் தேடி வாறவனுக்கு என்ன வேணுமெண்டு அவனுக்குத் தெரியும்.

அத்தானுக்குச் சொன்னது இதுதான்: இருக்கிறபடி வில்லுங்கோ. புகை தள்ளினால் தள்ளுது எண்டு சொல்லுங்கோ, அதுக்கேற்ற மாதிரி விலையைக் குறையுங்கோ. எஞ்சின் மாத்துறதோ விடுறதோ வாங்குறவன் தன்ர காசில, தன்ர மெக்கானிக்கோட, முடிவெடுக்கட்டும். ஏற்கெனவே மாத்தின கார் வச்சிருக்கிறவை வெக்கப்பட ஒண்டுமில்லை. மாத்தினது எண்டு முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ, பழைய எஞ்சின் இருந்தால் காரோட சேர்த்துக் குடுங்கோ.