நாங்கள் அவர் பிள்ளைகள் இல்லையா?

என் அம்மா இறந்துபோனதை அரசாங்கம் உடனே நம்பியது. அம்மாவுக்கு நான் பிறந்ததைத்தான் இன்னும் நம்பவில்லை.

அப்பா பட்டாளத்துக்காரர். பீரங்கிப் படையில் ஹவில்தார், 1999-ல் கார்கிலில் இருந்தவர். எங்கள் வேலூர் மாவட்டத்தில் இது அதிசயமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்று வந்த அப்பா மாரடைப்பில் போனார். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்தது. அம்மாவும் போன மறுமாதமே அது நின்றது. நிறுத்த ஒரு இறப்புச் சான்றிதழ் போதுமாக இருந்தது. எங்களுக்குக் கொடுக்கத்தான் உலகத்தில் உள்ள காகிதம் எல்லாம் வேண்டுமாம்.

பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் மூத்த பிள்ளையில் தொடங்கி வரிசையாக, 25 வயதோ கல்யாணமோ சொந்தச் சம்பாத்தியமோ வரும்வரை பென்ஷன் உண்டு. அரசாங்கமே எழுதி வைத்த விதி இது. நாங்கள் தர்மம் கேட்கவில்லை.

அம்மா போனபோது எனக்கு 17 வயது, தம்பி எட்டாவது. மைனர் என்பதால் கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்கி வரச் சொன்னார்கள். மாமா கூலி வேலையை விட்டுவிட்டு வக்கீல் பின்னால் அலைந்தார். அம்மா விட்டுப்போன ஒரு ஜோடிக் கம்மல் ஃபீஸுக்குப் போனது. உத்தரவு வாங்கி அனுப்புவதற்குள் எனக்கு 18 முடிந்துவிட்டது. மேஜர் ஆகிவிட்டதால் கார்டியன் மூலம் ஏற்க முடியாது, புதிதாக விண்ணப்பிக்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் இழுத்தடித்த காலத்தில் எனக்கு வயது ஏறியது என் குற்றமா?

புதிதாகப் போட்டேன். இந்த முறை பெயர் ஒத்துவரவில்லை. நான் பிறந்த சேதி கேட்டதும் அப்பா தன் யூனிட்டில் சொல்லி, பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாளத்துப் பதிவில் என்னைச் சேர்த்திருக்கிறார். அதில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். தமிழ்நாட்டில் யார் வீட்டில்தான் இப்படி இல்லை? மூன்றும் நான்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, இரண்டு நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டுமாம். காசுக்கு எங்கே போவேன் என்றேன். "அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அவர் மேஜையில் கிடந்தது என் அப்பாவின் ஃபைல். நாங்கள் நாலு பேரும் நிற்கும் போட்டோ அதில் ஒட்டியிருந்தது.

இப்போது எல்லாம் ஆன்லைன்தான் என்கிறார்கள். பென்ஷன் இணையதளத்தில் நுழைய ஓடிபி அம்மாவின் நம்பருக்குப் போகிறது. ரீசார்ஜ் செய்யாமல் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. கூப்பிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து இந்தியில் பேசுகிறார்.

ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன். ஆனால் மாதச் சம்பளம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைத் தொட்டால் பென்ஷன் கிடையாது. அதனால் ஓவர்டைம் கொடுத்தாலும் பயந்து வேண்டாம் என்கிறேன். வராத பணத்துக்காக வருகிற பணத்தையும் விடுகிறேன்.

வரும்போது நிலுவையோடு மொத்தமாக வரும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். பாதியில் விட்ட என் நர்சிங் படிப்பும் நிலுவையில் சேர்ந்து வருமா? ரேஷன் அரிசிக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற தம்பியின் வயிறு எந்தக் கணக்கில் வரும்?

ஐயா, எங்களுக்குச் சால்வை வேண்டாம், மேடை வேண்டாம். அம்மா போன சேதி உங்கள் கணக்கில் ஏறிய அன்றே, அதே ஃபைலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நீங்களே கடிதம் போட்டிருக்கலாம். தற்காலிகமாகவாவது பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றச் சான்றிதழ்களை அப்புறம் கேட்டிருக்கலாம். எங்களுக்குச் செய்யவில்லை, இனி வரும் பிள்ளைகளுக்காவது செய்யுங்கள். தம்பி வரும் மார்ச்சில் பத்தாவது பரீட்சை எழுதுகிறான். அதற்குள் எங்கள் அப்பாவின் பணத்தை எங்களுக்குக் கொடுங்கள்.