இரவு பஸ்ஸும் எங்கள் நாரியும்

தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கு,

மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழி அனுமதிப்பத்திரம் கொடுப்பது உங்கள் ஆணைக்குழு. ஆகவே கொழும்பு–யாழ்ப்பாணம் இரவு பஸ்களின் இருக்கைகளைப் பற்றி உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுதுவது கீரிமலையிலிருந்து. இங்கே இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களில் பலர் கொழும்பில் இரவு பஸ் ஏறி, விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கி, நேரே கடற்கரைக்கு வருவார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் மடங்கி இருந்து வந்த மனிதர், ஐயருக்கு முன்னால் மறுபடியும் சம்மணம் கட்டி இருக்க வேண்டும். எழும்பும்போது "நாரி பிடிச்சுப்போட்டுது" என்று பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடிப்பவர்கள் வயோதிபர்கள் மட்டுமல்ல.

பயணிக்குப் புத்தி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. நிமிர்ந்து இரு, கூனாதே என்பார்கள். எட்டு மணித்தியாலம் ஈர்க்குப்போல நிமிர்ந்திருக்க யாராலும் முடியாது. முடிந்தாலும் அது நல்லதல்ல. சுவீடனைச் சேர்ந்த அல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு வைத்திய நிபுணர் 1960களில் உயிரோடிருக்கும் மனிதரின் முள்ளந்தண்டு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானமில்லாமல் இருக்கும்போது அழுத்தம் கூடியது. முன்னால் குனிய இன்னும் கூடியது. சற்றுப் பின்னால் சரிந்து, நாரியின் வளைவுக்குத் தாங்கல் கொடுத்தபோது குறைந்தது. எங்கள் ஊர்க் கிழவிகள் துவாயைச் சுருட்டி நாரிக்கு முட்டுக்கொடுத்து இருப்பதும் இதற்காகத்தான். ஆனால் சாய்க்கும் பிடி உடைந்த சீற்றில், அல்லது பஞ்சு இறங்கிக் குழி விழுந்த சீற்றில், துவாய் எவ்வளவுக்குத் தாங்கும்?

இருக்கையின் முன்விளிம்பு அதைவிட மோசம். உயரம் குறைந்தவர்களுக்குக் கால் தரையில் முட்டாது; விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை இரவு முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும். இது விறைப்போடு போகிற விஷயமல்ல. 1940இல் லண்டன் மாநகரில் குண்டு விழுந்த நாட்களில், பங்கருக்குள் இரவிரவாக மடக்குக் கதிரைகளில் இருந்தவர்கள் சிலர் திடீரென்று இறந்தார்கள். சட்ட வைத்தியர் கீத் சிம்சன் அதை லான்செட் சஞ்சிகையில் எழுதினார்: காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. கதிரையின் முன்சட்டம் தொடையை அழுத்தியதே காரணம் என்றார். பங்கர் வாழ்க்கை தெரிந்த எங்களுக்கு இதை அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்றைய பிரித்தானிய அரசாங்கம் சனங்களுக்கு இருக்கும் முறை பற்றிப் பாடம் எடுப்பதோடு நிற்கவில்லை. பங்கர்களுக்குள் படுக்கைத் தட்டுகளைப் பொருத்தியது.

2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாமல் பயணம் செய்தால், விமானமானாலும் ரயிலானாலும் பஸ்ஸானாலும், இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. தனியொருவருக்கு அது சிறிய ஆபத்துத்தான், ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒன்று. ஆனால் கீரிமலைக்கு வருபவர்களில் வயது போனவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எழும்பி நடப்பதே இதற்கு மருந்து. அதை எங்களுக்குப் பழக்கியவர் வழியில் கோயில்கொண்டிருக்கும் முறிகண்டிப் பிள்ளையார். றைவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் அங்கே நிறுத்துவார். சனம் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, கால் நீட்டி ஏறும். ஆனால் கொழும்பிலிருந்து வரும்போது முறிகண்டி பயணத்தின் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் எங்கே, எத்தனை நிமிடம் நிற்பது என்பது றைவரின் மனதைப் பொறுத்தது.

இன்னொன்று, கடைசி வரிசை. அதைப் பெரும்பாலும் சாய்க்க முடியாது. பின்சில்லுக்குப் பின்னால் இருப்பதால் குலுக்கமும் அங்கேதான் கூட. செத்தவீட்டுக்கு அவசரமாகப் புறப்படுபவருக்குக் கடைசி நேரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்த இடம்தான். முதியவர் ஒருவர் அதில் இருப்பதைக் கண்டால் கொண்டக்டர் இடம் மாற்றிக் கொடுக்கலாம். சிலர் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

குளிரூட்டியும் திரைச்சீலையும் கலர் லைற்றும் இருந்தால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். நாரியைத் தாங்கும் சாய்மானம் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? சட்டத்தில் எந்த அளவு எழுதியிருந்தாலும், ஏறி இருப்பவரின் முழங்காலுக்கு அது தெரியாது.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது உங்கள் பரிசோதகர் உள்ளே ஏறி, அளவுநாடாவால் சீற்றின் ஆழத்தையும் முன் சீற்றுக்கு உள்ள இடைவெளியையும் அளக்கட்டும். சாய்க்கும் பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கட்டும். நான்கு மணித்தியாலத்துக்குள் ஒரு கட்டாய நிறுத்தத்தை நேர அட்டவணையிலேயே எழுதி, பயணச்சீட்டிலும் அச்சிடச் சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைப் பக்கம் சனம் திரளும். மேலதிக பஸ்களும் ஓடும். முதல் பரிசோதனையை அதற்கு முன்னரே, கொழும்பு பஸ்தியன் மாவத்தை பஸ் நிலையத்தில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கீரிமலைவாசி ஒருவர்